கம்பி கட்டி வைத்த லீவர்

1. மேஜை

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னை ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எனக்கு உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களும் வீட்டில் அம்மாவும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "இவ ஒரு இடத்துல இருக்க மாட்டா." வெளியே சுற்றலாம் என்றுதான் நான் ஜியாலஜியே எடுத்துப் படித்தேன்.

மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பெயர் மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மைசூரில் எங்கள் அலுவலக வாசல் பலகையை மட்டும் யாரும் இன்னும் மாற்றவில்லை. கிராமங்களில் போர்வெல் போட இடம் பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம் என்பதால் நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். ஃபீல்டு பிரிவில் சேர்ந்த முதல் பெண் நான்தான். அதனால் என்னை ஃபீல்டுக்கு அனுப்பாமல் மேப் வரைய வைத்தார்கள்.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். கன்னடக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார்.

"ஃபீல்டுல என்னம்மா இருக்கு? தூசி, வெயில், அஷ்டே. சும்னே இங்கயே ஆராமா இருங்க."

"ஆராமா இருக்கறதுக்கு நான் வரலை சார்."

"மத்தே எதுக்கு வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு அடுத்த மேப்பை நீட்டினார்.

ஜன்னல் வழியாகப் பின்பக்கத்து ஒர்க்‌ஷாப் தெரியும். அங்கே ஒரு பச்சை நிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி நின்றுகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவித் திட்டத்தில் துளை போடும் ரிக் லாரியோடு சேர்ந்து வந்தது. ரிக் போகும் இடத்துக்கெல்லாம் டிரில் பைப், டீசல், ஆட்கள், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போவது அதன் வேலை. அப்போது அதன் பின் ஆக்ஸிலைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பென்சிலை வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

2. உடைந்த ஷாஃப்ட்

ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் நஞ்சப்பா இரண்டாக முறிந்த ஆக்ஸில் ஷாஃப்டைக் கையில் பிடித்திருந்தார். முறிந்த இடம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

"இது எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"டிஃப் லாக்கைப் போட்டுட்டு எடுக்க மறந்துட்டான், டிரைவர். தார் ரோட்ல, மலை ரோட்டு வளைவுல அப்படியே ஓட்டியிருக்கான். முறியாம என்ன பண்ணும்?"

இப்போது ஓட்டுகிறவர்கள் ஒரு வட்டப் பொத்தானைத் திருப்பினால் சேறு, மணல், பாறை என்று வண்டியே முறையை மாற்றிக்கொள்கிறது. அன்றைக்கு எல்லாம் கைவேலை. எனவே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர். அதில் மூன்று நிலை. சாதாரண ரோட்டுக்கு டூ ஹை: பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். மண் தடத்துக்கு ஃபோர் ஹை: முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும். ஏற்றத்துக்கும் சேற்றுக்கும் ஃபோர் லோ: வண்டி நடப்பதுபோல் மெல்லத்தான் போகும், ஆனால் பலம் பல மடங்கு.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் வைத்திருக்கிறார்கள். அதன் குணம், எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அதைச் சுலபமாகச் சுற்றவிடுவது. ஒரு சக்கரம் குழியில் தொங்கினால் அது காற்றில் பறக்கும். கெட்டியான தரையில் நிற்கும் மற்றது அசையாது. பின் ஆக்ஸிலில் இருந்த டிஃப் லாக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றாக இறுகிக்கொள்ளும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும்.

"சேத்துல இருக்கற வரைக்கும் லாக் நல்லது," என்றார் நஞ்சப்பா. "சக்கரம் வழுக்கிச் சரி பண்ணிக்கும். கெட்டித் தரையில வழுக்க முடியாது. அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்ட் மேல வரும்."

புது ஷாஃப்ட் போட்டு வண்டியைக் கட்டியபின், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த லாக் போடும் சின்ன லீவரைக் கம்பியால் சுற்றி முறுக்கிக் கட்டிவிட்டார். இனி யாரும் தொட வேண்டாம் என்பது ஏற்பாடு.

3. மாதேசன்

நச்சரித்து நச்சரித்து ஒருவழியாக ஃபீல்டுக்குப் போனேன். அந்தப் பச்சை வண்டிக்குப் புது டிரைவராக மாதேசன் வந்திருந்தார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், வீட்டில் விவசாயம். என் வயதுதான் இருக்கும். அவரும் என்னைப் போலவேதான். வண்டி நின்றால் கதவைத் திறந்து மூடுவார், டயரைத் தட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், மறுபடியும் துடைப்பார்.

நான் மைசூரில் டிரைவிங் ஸ்கூலில் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தேன். காய்ந்த ஏரிகளில் வண்டியைக் கேட்டு வாங்கி ஃபோர் லோவில் ஓட்டிப் பார்ப்பேன். அவருக்கு அது துளியும் பிடிக்காது.

"ஏனுங்க மேடம், ஆபீசுல தெரிஞ்சுதுன்னா என் வேலை போயிருமுங்க."

"தெரியாது மாதேசண்ணா. இன்னொரு ரவுண்டு."

"இதையேதானுங்க போன ரவுண்டுலயும் சொன்னீங்க."

ஆனால் நான் கிளட்சை விடும்போது வண்டி துள்ளினால் அவர் முகம் சுருங்கும். துள்ளாமல் போனால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடமிருந்து கிடைக்கும் பாராட்டு அதுதான்.

4. பள்ளத்துக்கு அக்கரை

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் ரோட்டிலிருந்து காட்டுக்குள் பிரியும் ஒரு தடத்தில், ஒரு பள்ளத்தைத் தாண்டி ஒரு சிற்றூர் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்பார்கள். கோடை முற்றி அந்தப் பள்ளம் காய்ந்துபோய், பெண்கள் நெடுந்தூரம் நடந்து தண்ணீர் தூக்கினார்கள். அங்கே நான் குறித்துக் கொடுத்த இரண்டு இடமும் பொய்த்துவிட்டன. மூன்றாவது இடத்தில் பாதித் துளையில் ரிக் பழுதானது. பாகம் வாங்கி வர ரிக் ஆபரேட்டர் காலையில், வண்டிக்கு டீசல் செலவு வேண்டாம் என்று நடந்தே ரோட்டுக்குப் போய், பஸ் பிடித்துக் கொள்ளேகால் போய்விட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். எனக்கும் மாதேசனுக்கும் காத்திருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நான் துளையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த ஊர்ப் பெண் முத்தம்மா, என்னையே பார்த்துக்கொண்டு குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, நீ சுத்தறதுல ஒரு கெணறே வெட்டியிருக்கலாம்," என்றார்.

மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தது. கோடை மழை. பெரிய துளிகள் விழ ஆரம்பித்ததும் மாதேசன், "பைப்பு நனையறதுக்குள்ள எறக்கி மூடிப் போடலாமுங்க," என்று எழுந்தார். அவசரமே இல்லை. பைப் நனைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சும்மா இருப்பதைவிட அது மேல். அவரும் இரண்டு கூலி ஆட்களும் ரிக்கிலிருந்து டிரில் பைப்பைத் தூக்கினார்கள். ஈரக் கை. ஒரு முனை நழுவியது. பைப் உருண்டு மாதேசனின் இடது காலில் விழுந்தது.

சத்தம் எனக்குக் கேட்டது. பைப் விழுந்த சத்தம் வேறு, அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. முத்தம்மா ஓடி வந்து, மூங்கிலைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினார். ரத்தம் துணியில் பரவியது.

என்னைத் தவிர, வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் கொள்ளேகாலில் இருந்தார், ஒருவர் தரையில் கிடந்தார். மலையில் பெய்த மழை பள்ளத்தில் வந்து சேர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் தாண்ட முடியாது.

"நான் ஓட்டறேன்," என்றேன்.

மாதேசன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஏரியில ஓட்டறது வேறங்க மேடம். இது எறக்கமுங்க."

"தெரியும்."

"தெரியாதுங்க."

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே நிற்கவும் முடியவில்லை.

5. எரெ மண்

அவரை முன் சீட்டில் காலை நீட்டிச் சாய்த்து உட்கார வைத்தோம். காலைப் பிடித்துக்கொள்ள முத்தம்மா ஏறினார். அதற்கு முன் அவர் வண்டியில் ஏறியதே இல்லையாம்.

"தண்ணி வல்லீன்னாலும் போகுது. ஊருக்கு வந்த ஆளு போகக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

பள்ளத்துக்கு இறங்கும் தடம் எரெ மண், அதாவது கரிசல். காய்ந்திருந்தால் கல், நனைந்தால் சோப்பு. ஃபோர் லோ, முதல் கியர். பிரேக்கைத் தொடாமல் இஞ்சினே பிடித்து இறக்கட்டும் என்று விட்டேன். பாதி தூரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் மாட்டு வண்டிச் சுவடு ஆழமாக அறுத்த ஓர் இடத்தில் முன் சக்கரம் ஒன்றும், அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரம் ஒன்றும் குழிக்கு மேல் தொங்கின. வண்டி நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். தொங்கிய இரண்டும் சுற்றின, ஒட்டியிருந்த சேற்றை வாரி இறைத்தன. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இன்னும் மிதித்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற, வண்டி பக்கவாட்டில் வழுக்கியது.

"விடுங்க மேடம்! காலை எடுங்க!" மாதேசன் கத்தினார்.

எடுத்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே பள்ளத்தில் தண்ணீர் கலங்கிச் சிவப்பாக ஓடத் தொடங்கியிருந்தது.

"லாக் போடணும்," என்றேன். டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

"வேண்டாமுங்க. போன டிரைவரு ஆக்ஸிலை முறிச்சது இதுலதானுங்க. இங்க முறிஞ்சா வண்டியும் இல்ல, நானும் இல்ல."

"அந்த ஷாஃப்டை நான் கையில வாங்கிப் பார்த்தேன் மாதேசண்ணா. தார் ரோட்ல முறிஞ்சது. இது சேறு. இங்க சக்கரம் வழுக்கும், முறுக்கு ஏறாது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அந்த வலியிலும் தடத்தை யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"சேத்துல சரிங்க. பள்ளத்துக்கு அடியில பாறைங்க, முழுப் பாறை. அங்க போறதுக்குள்ள எடுத்துரணும். எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"மறந்துற மாட்டீங்களே?"

"நீங்க ஞாபகப்படுத்துங்க."

கம்பியை வெட்டினேன். லீவரைத் தூக்கினேன். லாக் விழுந்தால் டாஷ்போர்டில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவசரத்தில் இன்னொரு முறை ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனேன். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது லாக் விழுந்தால் பற்கள் உடைந்துபோகும் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. காலை எடுத்து, கிளட்சை மட்டும் மயிரிழை விட்டுப் பிடித்தேன். பின்னால் அடியில் 'டக்' என்றது. விளக்கு எரிந்தது.

"விழுந்துருச்சுங்க," என்றார் மாதேசன்.

கிளட்சை மெல்ல விட்டேன். சக்கரம் சீறவில்லை. தரையில் நின்ற பின் சக்கரம் முதன்முறையாகத் தானும் சுற்றி மண்ணைக் கவ்வியது. வண்டி ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் சாய்ந்து, குழியைத் தாண்டி வெளியே வந்தது. முத்தம்மா, "மாதப்பா! மாதப்பா!" என்று மலைச் சாமியைக் கூப்பிட்டார்.

பள்ளத்துக் கரையில் நிறுத்தினேன்.

"லாக்குங்க," என்றார் மாதேசன்.

எடுத்தேன். வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டியபின்தான் விளக்கு அணைந்தது.

6. வளைவு

தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. இரண்டாவது கியர், ஒரே சீரான வேகம், நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது. இதெல்லாம் காதால் கேட்டுத் தெரிந்ததுதான். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும்போது என் கை ஸ்டியரிங்கை உடைத்துவிடும்போல் பிடித்திருந்தது. அடியில் பாறை கடகடத்தது. முன் சக்கரம் அக்கரையில் ஏறியதும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கரை ஏற்றத்தில் மறுபடி எரெ மண். மறுபடி லாக். இந்தத் தடவை உடனே விழுந்தது. வண்டி தன் பாட்டுக்கு ஏறியது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினேன். மாதேசன் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. ஏற்றத்தின் நடுவில் தடம் இடதுபக்கம் வளைந்தது. வலப்பக்கம் சரிவு, கீழே பள்ளம்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். முன் சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகத் தள்ள, வண்டி நேராக அந்தச் சரிவை நோக்கிப் போனது.

முத்தம்மா மறுபடி மாதப்பனைக் கூப்பிட்டார்.

காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தேன். வண்டி சறுக்கி நின்றது. முன் டயருக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். முத்தம்மா நான் சொல்லாமலே குதித்து இறங்கி, பின் சக்கரங்களுக்கு அடியில் கல்லை உருட்டி வைத்தார்.

எனக்கு உடனே ஏதாவது செய்ய வேண்டும். ரிவர்ஸ் போட வேண்டும், ஓட வேண்டும், என்ன வேண்டுமானாலும்.

"சித்த சும்மா இருங்க மேடம்," என்றார் மாதேசன். வலியில் அவர் குரல் தேய்ந்திருந்தது. "லாக் இருந்தா வண்டி நேராத்தானுங்க போகும். நானும் சொன்னனே, காதுல உழுந்துதுங்களா?"

"இல்லை."

"எறங்கிப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க, எப்படிப் போறதுன்னு. நானும் யோசிக்கறனுங்க."

ரத்தம் ஒழுகும் ஆள் என்னைக் காத்திருக்கச் சொன்னார். இறங்கினேன். மழையில் அந்த வளைவை நடந்து பார்த்தேன். உட்பக்கமாகச் சரளைக்கல் கிடந்தது, வழுக்காது. அந்த இடம் வரை நேராகப் பின்வாங்கி, லாக்கை எடுத்துவிட்டுச் சரளையில் திருப்பினால், மேலே இருந்த நேர் ஏற்றத்துக்கு மறுபடி லாக் போடலாம். திரும்பி வந்து சொன்னேன்.

"நானும் அதேதானுங்க நெனச்சேன்," என்றார்.

முத்தம்மா கல்லை உருட்டி விலக்க, நேராகப் பின்வாங்கினோம். லாக்கை எடுத்துத் திரும்பினோம். மறுபடி போட்டு ஏறினோம். கெட்டித் தடம் வந்ததும் மூவருமே ஒரே நேரத்தில், "லாக்!" என்றோம். முத்தம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் எங்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவர்தான். தார் ரோட்டில் ஏறும் முன் டூ ஹைக்கு மாற்றி, அப்புறம் கொள்ளேகால் ஆஸ்பத்திரி வரை எங்கும் நிறுத்தவில்லை.

7. பிறகு

மாதேசனின் காலை வெட்டி எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் இடது பாதத்துக்குக் கிளட்சை அமுக்கும் பலம் திரும்பவில்லை. ரிக் ஆபரேட்டர் பழுது பார்த்து, மூன்றாவது துளையைத் தொடர்ந்தபோது தண்ணீர் வந்தது. அதிகமில்லை, ஒரு கைப்பம்புக்குப் போதும்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கோபமாகத்தான் பேசினார்.

"டிரைவர் இல்லேன்னா ஆள் அனுப்பி வேற வண்டி வரவழைக்கணும். நீங்க யாரு ஓட்டறதுக்கு? கவிழ்ந்திருந்தா?"

"கவிழ்ந்திருக்கும் சார். வளைவுல கொஞ்சத்துல தப்பிச்சோம்."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. நஞ்சப்பாவை அழைத்துப் பின் ஆக்ஸிலைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பற்களில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. நஞ்சப்பா எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பழக்கத்தில் ஒரு புதுக் கம்பியை எடுத்தார். லீவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்பியைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

மாதேசனுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். நட்டு, போல்ட்டு எண்ணுகிற வேலை. ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உக்காந்தே செத்துருவேன் போலிருக்குதுங்க மேடம்."

அந்த வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை. நேராக அதிகாரியிடம் போய், ஃபீல்டு டிரைவர்கள் எல்லோருக்கும் லாக்கும் ஃபோர் லோவும் முறையாகக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் மாதேசன்தான் என்றேன். "கால் சரியில்லாதவன் எப்படிம்மா கத்துக்கொடுப்பான்?" என்றார். "பக்கத்து சீட்டுல உக்காந்துதான் சார் அன்னைக்கு எங்களைக் கொண்டுவந்தாரு" என்றேன். உடனே சம்மதிக்கவில்லை. நச்சரிப்பு எனக்குப் புதிதா என்ன? கடைசியில் சம்மதித்தார்.

மழைக்காலம் தொடங்கியதும், மைசூருக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில் முதல் வகுப்பு நடந்தது. முதல் டிரைவர் வேகமாகச் சேற்றில் இறங்கி, சிக்கி, இஞ்சினை அலறவிட்டு, "லாக் போடட்டா அண்ணா?" என்று கத்தினார்.

"இஞ்சினை நிறுத்துங்க," என்றார் மாதேசன். "எறங்குங்க. எந்தச் சக்கரம் தொங்குது, எது ஊனி நிக்குது, பொறவு எந்தப் பக்கம் திரும்பப் போறீங்க, நடந்து பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. அப்பறம் லாக்கைப் பத்திப் பேசலாம்."

சொல்லிவிட்டுத் தானும் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, கம்பை ஊன்றி, இடது காலைச் சேற்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் இழுத்து எடுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி முழுக்க நடந்தார். அவர் நடந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நானும் டிரைவர்களும் மழையில் நின்று காத்திருந்தோம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

இப்போதும் ஃபீல்டுக்குப் போகும் இளையவர்கள் என்னிடம் எந்தத் தரைக்கு எந்த மோடு என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: சேற்றுக்கும் குழிக்கும் லாக்கைச் சிக்கிய பின் அல்ல, நுழையும் முன்பே போடுங்கள். வளைவிலும் கெட்டித் தரையிலும் எடுத்துவிடுங்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது: காலை எடுத்து, இஞ்சினை நிறுத்தி, இறங்கிப் பார்ப்பது.